வெள்ளைத் துப்பட்டியும் கறுப்பு புர்காவும் கடலூர் பஸ்ஸும்

கேள்வி: புதுச்சேரி முல்லா வீதிக்குப் பக்கத்தில் ஓராண்டாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். நான் இந்துப் பெண். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் என்னிடம் மிகவும் பிரியமாகப் பழகுகிறது. அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய படத்தில் பாட்டி வெள்ளைத் துணியைப் போர்த்தியிருக்கிறார். அம்மா சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்வதோடு சரி. கல்லூரிக்குப் போகும் பேத்தியோ கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடிய கறுப்பு புர்காவில் போகிறாள். படிப்பு முன்னே போகும்போது உடை மட்டும் ஏன் பின்னே போகிறது? மாதவிலக்கு நாட்களில் அவள் தொழுவதில்லை. ஆனால் சமையலறையில் நின்று எல்லாருக்கும் பரிமாறுகிறாள். தீட்டு உண்டா, இல்லையா? பெண்கள் ஏன் பள்ளிவாசலுக்குப் போவதில்லை? நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பாட்டி இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார். நாளை ஒன்று நேர்ந்தால் நான் அந்த வீட்டுக்குள் போகலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் நான் யார் என்று இரண்டு வரி. கடலூர் முதுநகரில் பிறந்தவள். புதுச்சேரியில் பிரசவ வார்டில் முப்பது ஆண்டுக்கு மேல் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது தெரிந்த குடும்பங்களில் ஒரு பெண் மவுத்தாகிவிட்டால், அதாவது இறந்துவிட்டால், உடலைக் குளிப்பாட்டக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். ஆகவே உடம்பைப் பற்றி யார் என்ன கேட்டாலும் எனக்குக் கூச்சம் வருவதில்லை. அத்தா (அப்பா) ஷாஃபி மத்ஹப், அம்மா ஹனஃபி மத்ஹப்; இவை இஸ்லாமியச் சட்ட மரபுகள் இரண்டு. இந்த இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாட்டி போர்த்தியிருப்பதற்குத் துப்பட்டி என்று பெயர். வெள்ளைப் பருத்தித் துணி, தையல் கிடையாது. தலையிலிருந்து கணுக்கால்வரை சுற்றி, உள்ளிருந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வயதான பெண்களிடம் இன்றும் பார்க்கலாம். என் நன்னியும், அதாவது பாட்டியும், அதைத்தான் போர்த்தினார். ஆனால் எத்தனை முறை போர்த்தினார் என்று கேட்டுப் பாருங்கள். கல்யாண வீடு, மவுத்து வீடு, ஆண்டுக்கு ஒருமுறை நாகூர் தர்காவின் கந்தூரி விழா. அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் துப்பட்டி கொடியில் தொங்கும், நன்னி வீட்டுக்குள் இருப்பார். கடைக்குப் போக ஆண்பிள்ளை உண்டு. வளையல்காரர் திண்ணைக்கு வருவார், நன்னி கதவிடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டுவார். காயல்பட்டினத்தில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போய்வருவதற்கென்றே முடுக்கு என்னும் சந்துகள் உண்டு. ஊரே பெண்ணை மறைத்துக் கட்டப்பட்டிருந்தபோது துணிக்கு வேலை குறைவு.

அம்மாவின் காலத்தில் முந்தானை போதுமானதாக இருந்தது. தெருவில் எதிரே வருகிறவர் மாமா, அடுத்த வீட்டுத் திண்ணையில் இருக்கிறவர் சாச்சா. அந்தத் தெருவைத் தாண்டி அவர் போனது அபூர்வம். ரேஷன் கடைக்குக்கூட அத்தாதான் போவார்.

இப்போது என் தம்பி மகளைப் பாருங்கள். காலை ஏழரை மணிக்குக் கடலூர் பஸ் நிலையத்தில் நிற்கிறாள். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று சுமார் 22 கிலோமீட்டர் நின்றுகொண்டே வந்து புதுச்சேரியில் இறங்கி வேலைக்குப் போகிறாள். பஸ்ஸில் அவளை யாருக்கும் தெரியாது, அவளுக்கும் யாரையும் தெரியாது. அவள் போடுவது கறுப்பு புர்கா. நன்னிக்கு முடுக்கும் திரையும் செய்த வேலையை அந்தத் துணி பஸ்ஸுக்குள் செய்கிறது. அவள் வெளியே போவதற்கு வீட்டார் வைத்த நிபந்தனை என்று அதைச் சொல்லலாம். அவள் வெளியே போகக் கொடுத்த விலை என்றும் சொல்லலாம். இரண்டையும் அவள் வாயாலேயே கேட்டிருக்கிறேன், ஒரே வாரத்தில். ஆகவே உடை பின்னே போகிறது என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. அவளுடைய பஸ் பாஸை என் நன்னியின் வெள்ளைத் துணியோடு சேர்த்துப் பார்க்காமல் யார் முன்னே, யார் பின்னே என்று எப்படிச் சொல்வது?

கறுப்பு எப்படி வந்தது என்பது தனிக்கதை. 1970களிலிருந்து நம் பகுதி ஆண்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். விடுமுறையில் வரும்போது அத்தர், போர்வை, டார்ச் லைட்டோடு மனைவிக்கு அபாயா என்னும் கறுப்பு அங்கி ஒன்றும் வந்தது. அது பணக்கார உடையாக இருந்தது. துப்பட்டி ஏழைக் கிழவியின் உடையாகிவிட்டது. அடுத்து வந்தவை, ஊர் வழக்கத்தை விட்டு மூலநூலுக்குத் திரும்பச் சொன்ன தவ்ஹீத் இயக்கங்களும், பெண்களுக்கான நிஸ்வான் மதரஸாக்களும். பதினெட்டு வயதில் ஆலிமா, அதாவது மத அறிஞர், பட்டம் வாங்கிய பெண், எழுபது வயதுப் பெத்தம்மாவிடம் துப்பட்டியில் கை தெரிகிறது, கழுத்து தெரிகிறது என்று ஆதாரத்தோடு திருத்தத் தொடங்கினாள். தன் ஊர் வழக்கத்தையே மார்க்கம் என்று நினைத்திருந்த கிழவிக்கு, நூலைப் படித்த பேத்தி மார்க்கம் சொல்லிக்கொடுத்தாள். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் அதிகாரம் கைமாறியது இப்படித்தான். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நம்மைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவுடன் சிலர் ஒளிந்துகொண்டார்கள், சிலர் இன்னும் தெரியும்படி உடுத்தினார்கள்.

செவிலியராக என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலோரப் புழுக்கத்தில் பாலியஸ்டர் கறுப்புத் துணி நல்லதல்ல. வியர்க்குரு, படர்தாமரை என்று எத்தனை பெண்களை அனுப்பியிருப்பேன்! மார்க்கம் நிறத்தைச் சொல்லவில்லை. குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 31ஆம் வசனம் முக்காட்டை மார்பின்மேல் போடச் சொல்கிறது, 33ஆம் அத்தியாயம் 59ஆம் வசனம் மேலாடையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்கிறது. முகமும் மணிக்கட்டுக்குக் கீழுள்ள கைகளும் தவிர மற்றவை மறைய வேண்டும் என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு. முகத்தையும் மூடச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் மக்காவில் ஹஜ்ஜின்போது இஹ்ராம் என்னும் யாத்திரைக் கட்டுப்பாட்டில் இருக்கும் பெண் முகத்திரை போடக்கூடாது. உலகத்து முஸ்லிம் ஆண்கள் அத்தனை பேரும் கூடியிருக்கும் இடத்தில் முகம் திறந்திருக்க வேண்டும் என்பதை எங்கள் தெருவில் நான் சொல்லும்போதெல்லாம் சில ஆண்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

ஆண்கள் என்றதும் ஒன்று. 31ஆம் வசனத்துக்கு முந்தைய 30ஆம் வசனம் ஆண்களுக்கு. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்கிறது. ஆணுக்கும் அவ்ரத் என்னும் மறைக்க வேண்டிய பகுதி உண்டு, தொப்புளிலிருந்து முழங்கால்வரை. தங்கமும் பட்டும் ஆணுக்குக் கூடாது. கடற்கரைச் சாலையில் அரைக்கால் சட்டையோடு ஓடுகிற எங்கள் பையன்களை யாரும் நிறுத்தி அவ்ரத் பற்றி வகுப்பெடுப்பதில்லை. பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளைக்குப் பந்தலில் மரியாதை குறைவதுமில்லை. இந்தப் பாரபட்சத்தை மார்க்கத்தின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவுக்கு அது சௌகரியமாக இருக்கிறது. மணமாகாத மகளுக்கே குமர் என்றுதான் எங்கள் பேச்சில் பெயர். வீட்டில் குமர் இருக்கிறது என்றால் கேட்பவர் முகத்தில் அனுதாபம் வரும். அவளுக்குக் கல்யாணம் முடிக்க உதவுவது குமர் காரியம், நன்மை தரும் தர்மம். மகன் காரியம் என்று ஒரு சொல் எங்களிடம் இல்லை.

இனி நீங்கள் தயங்கிக் கேட்ட தீட்டு. உங்கள் தோழி அதைச் சொல்லும் விதம் வேறாக இருக்கும்: எனக்குத் தொழுகை இல்லை என்பாள். இந்த இரண்டு சொல்லும் எங்கள் பெண்களுக்குள் ஒரு சங்கேதம். மாதவிலக்கில் தொழுகையும் நோன்பும் கிடையாது, தாம்பத்தியம் கிடையாது, கஅபாவைச் சுற்றும் தவாஃப் கிடையாது. குர்ஆன் பிரதியைத் தொடுவது பெரும்பாலான அறிஞர்களிடம் கூடாது. மற்றபடி அவள் சமைக்கலாம், பரிமாறலாம், பிள்ளையைத் தூக்கலாம், கணவனோடு ஒரே பாயில் படுக்கலாம். அந்நாள் மதீனாவில் யூதர்கள் மாதவிலக்கான பெண்ணோடு சேர்ந்து உண்ணமாட்டார்கள். அதைப் பற்றித் தோழர்கள் கேட்டபோதுதான் 2ஆம் அத்தியாயம் 222ஆம் வசனம் வந்தது என்பது ஹதீஸ், அதாவது நபியைப் பற்றிய அறிவிப்பு. நபி பள்ளிவாசலிலேயே தங்கி வணங்கும் இஃதிகாஃப் இருந்தபோது தலையை நீட்ட, மாதவிலக்கிலிருந்த ஆயிஷா நாயகி தம் அறையிலிருந்தே அவருக்குத் தலை வாரிவிட்டதும் ஹதீஸில் உண்டு. என்னுடைய இந்துத் தோழி ஒருத்தி பிரசவ வார்டில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அந்த மூன்று நாளும் பின்கட்டில் தனித் தட்டில் சாப்பிடுவாள். அவள் தட்டு தனி, என் தொழுகை விரிப்பு மடக்கி வைத்தது. இரண்டும் ஒன்றில்லை என்று அன்றே எங்களுக்குள் பேசியிருக்கிறோம்.

விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டாம்; நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாளுக்கு 35, ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் பெண்ணுக்கு முதுகு நிமிராது. விட்ட நோன்பை மட்டும் பின்னால் களாச் செய்ய வேண்டும். ரமலானில் ஏழு நோன்பு விட்டவள் அடுத்த ரமலானுக்குள் தனியாக அந்த ஏழையும் பிடிக்கிறாள், ஊரெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. அதைவிடக் கஷ்டம் ரமலானின் அந்த ஏழு பகல்கள். நோன்பில்லை என்பது மாமனாருக்கும் மைத்துனனுக்கும் தெரியக்கூடாது என்று விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பகலில் குளியலறைக்குள் நின்று தண்ணீர் குடிக்கும் பெண்கள் எத்தனையோ. மார்க்கம் கொடுத்த சலுகையை வெட்கம் பிடுங்கிக்கொள்கிறது.

நாள் கணக்கில்தான் அத்தா வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் சண்டை. ஹனஃபி சட்டப்படி மாதவிலக்கு குறைந்தது மூன்று நாள், அதிகம் பத்து நாள். ஷாஃபி சட்டப்படி குறைந்தது ஒரு பகல் ஓர் இரவு, அதிகம் பதினைந்து நாள். பன்னிரண்டாவது நாளும் உதிரம் நிற்காத பெண் ஹனஃபி என்றால் ஏற்கெனவே குளித்துத் தொழுதுகொண்டிருக்க வேண்டும். ஷாஃபி என்றால் இன்னும் காத்திருக்கலாம். இது பழைய கிதாபுச் சங்கதி என்று நினைக்காதீர்கள். கருத்தடைக்குக் காப்பர்-டி போட்ட பெண்ணுக்கு உதிரப்போக்கு நாள் கூடுவது சாதாரணம். வார்டில் எங்கள் பெண்கள் அதை எடுத்துவிடச் சொல்லி வரும்போது டாக்டர்கள் வலி இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். வலி இருக்காது. தொழுகைக் கணக்கு குழம்பியிருக்கும். அதை ஆண் டாக்டரிடம் சொல்ல வாய் வராது, என்னிடம் சொல்வார்கள். கணக்கை ஓர் ஆலிமாவிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு, டாக்டர் சொல்லும் சில மாதம் பொறுத்துப் பாருங்கள் என்பேன். பாதிப் பேர் பொறுத்தார்கள். ஹஜ்ஜுக்குப் போகிற பெண்கள் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை கேட்டு வருவதும் இப்படித்தான். நாற்பது நாள் பயணத்தில் தவாஃப் தவறினால் திரும்பப் போக வசதி இருக்காது. ரத்தக்கட்டு நோய் உண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்காமல் அந்த மாத்திரையை மருந்துக் கடையில் கைநீட்டி வாங்குவது ஆபத்து. இந்த ஒரு வரிக்காகவாவது இதை யாராவது தன் உம்மாவிடம் காட்டட்டும்.

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கவனித்திருக்கக்கூடிய ஒரு விஷயம் அதில் இருக்கிறது. ஒளுவில் தண்ணீர் நகத்தில் பட வேண்டும். மருதாணி நிறம் மட்டும்தான், தண்ணீரைத் தடுக்காது. நகச்சாயம் படலமாக நின்று தடுக்கும். அதனால் தொழுகிற பெண் மருதாணி வைக்கிறாள். உங்கள் தோழி விரலில் திடீரென்று சிவப்பு நகச்சாயம் தெரிந்தால் அந்த வாரம் அவளுக்குத் தொழுகை இல்லை என்று எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். கல்லூரி விடுதியில் இதைச் சொல்லி ஒருவரையொருவர் கிண்டல் செய்வோம்.

ஷாஃபி சட்டத்தில் அந்நிய ஆணும் பெண்ணும் தோலோடு தோல் பட்டாலே ஒளு முறியும். மனைவியைத் தொட்டாலும் முறியும். ஹனஃபியில் வெறுமே தொடுவதால் முறியாது. என் அத்தா கடலூர் பஸ்ஸில் பெண் நடத்துநர் இருந்தால் சில்லறையைக் கைக்குட்டையில் வைத்து நீட்டுவார். அந்தப் பெண் தன்னைத் தீண்டத்தகாதவளாக நினைக்கிறார் என்று முகம் சுளித்ததை ஒருமுறை பார்த்தேன். அத்தாவுக்கோ லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு மறுபடி ஒளுச் செய்யத் தண்ணீர் கிடைக்குமா என்ற கவலை. அவர் மனதில் இருந்தது ஒன்று, அவள் மனதில் ஏறியது வேறொன்று. நம் ஊரில் ஒருவர் தொடாமல் ஒதுங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்று அத்தாவுக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அடுத்த முறை டிக்கெட்டை நான் வாங்கினேன். மக்காவில் தவாஃப் நெரிசலில் ஷாஃபிகளே ஹனஃபி கருத்தைப் பின்பற்றிக்கொள்வது வழக்கம். அந்தச் சலுகை கடலூர் பஸ்ஸுக்கும் உண்டா என்று அத்தாவைக் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

பள்ளிவாசலுக்கு வருவோம். அல்லாஹ்வின் அடியாள்களை அவன் பள்ளிவாசல்களிலிருந்து தடுக்காதீர்கள் என்று நபிமொழி இருக்கிறது. அவர் காலத்தில் மதீனாவில் பெண்கள் பின்வரிசையில் நின்று தொழுதார்கள். பிற்காலத்துப் பெண்கள் செய்வதை நபி பார்த்திருந்தால் தடுத்திருப்பார் என்று ஆயிஷா நாயகி சொன்ன ஒரு கூற்றும் இருக்கிறது. பின்னால் வந்த ஹனஃபி அறிஞர்கள் இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்களுக்கென்று இடமே கட்டவில்லை. அந்தக் குறையைப் பெண்கள் தர்காக்களிலும் பெண்கள் தைக்காக்கள் என்னும் தனி வழிபாட்டு இடங்களிலும் தீர்த்துக்கொண்டார்கள். 2004இல் தொடங்கிய தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் போன்றவை தங்கள் பள்ளிவாசல்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்கின, பெருநாள் தொழுகையைத் திடலில் வைத்துப் பெண்களையும் அழைத்தன. கூடவே தர்காவுக்குப் போவதைக் கண்டித்தன. ஒரு கதவு திறந்தது, ஒரு கதவு சாத்தப்பட்டது. என் அம்மா கடைசிவரை இதற்காக அவர்களை மன்னிக்கவில்லை. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை, அதாவது ஊர்ச் சபையை, உண்டாக்கி, பெண்களுக்கு ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்று கேட்டபோது எழுந்த கூச்சல் எனக்கு நினைவிருக்கிறது. தலாக்கும் ஜீவனாம்சமும் ஆண்கள் மட்டும் கூடும் ஜமாஅத்தில் பேசித் தீர்க்கப்படுகின்றன, சம்பந்தப்பட்ட பெண் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் அவருடைய வாதம். 2020 ஜனவரியில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே உச்ச நீதிமன்றத்தில் பெண்கள் பள்ளிவாசலில் தொழத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுத்தாயிற்று, கடைத்தெருவுக்கு வந்த பெண்ணுக்கு மாலை அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டால் ஒளுச் செய்ய ஒரு குழாயும் நிற்க ஆறடி இடமும் எங்கே என்பது இன்னும் பல ஊர்களில் கேள்வியாகவே இருக்கிறது. ஆண் ஐந்து நிமிடத்தில் எந்தப் பள்ளிவாசலிலும் நுழைந்து வெளியேறிவிடுகிறான்.

புதுச்சேரிக்கென்று ஒரு விசேஷம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் 1819 ஜனவரி 6 ஆணையில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரையும் அவரவர் வழக்கப்படியே நடத்துவோம் என்றார்கள். 1881இல் விரும்பினால் அந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறலாம் என்று இன்னோர் ஆணை வந்தது. மாறியவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். முஸ்லிம்களில் அப்படி மாறியவர்கள் குறைவு. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் 1968இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதும் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கு வைத்தார்கள். ஷரீஅத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. சிவில் சட்டத்தில் சமம்.

பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிசுக்குப் போன புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களின் பேத்திகளுக்கு வேறொரு சிக்கல். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளியின் வாசலில் முக்காட்டைக் கழற்ற வேண்டும். 2010 சட்டப்படி பொது இடத்தில் முகத்தை மூடக்கூடாது. ஈரானின் டெஹ்ரானில் 1936இல் மன்னர் ரேஸா ஷாவின் காவலர்கள் தெருவில் பெண்களின் முக்காட்டைப் பிடுங்கினார்கள். 1979 புரட்சிக்குப் பின் அதே தெருவில் முக்காடு போடாததற்குத் தண்டித்தார்கள். 2022 செப்டம்பரில் மஹ்ஸா அமீனி என்ற 22 வயதுப் பெண் அப்படிப் பிடிபட்டு இறந்தார். கெய்ரோ ரயில் நிலையத்தில் 1923இல் எகிப்தின் பெண்ணுரிமைத் தலைவி ஹுதா ஷஅராவி தம் முகத்திரையைத் தாமே அகற்றினார். சுற்றி நின்ற பெண்கள் கை தட்டினார்கள். நம் பக்கத்தில் 2022இல் கர்நாடகக் கல்லூரி வாசல்களில் நின்ற பிள்ளைகளை நீங்களே தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் முக்காட்டுத் தடை செல்லும் என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளில் தேர்வு எழுதாமல் விட்டவர்களும் உண்டு. என் கோபம் அங்கே இருக்கிறது. போடு என்று அடிப்பவனும் கழற்று என்று கதவடைப்பவனும் அந்தப் பெண்ணின் ஹால் டிக்கெட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை.

முஸ்லிம் பெண்தான் உடம்பைக் காட்ட வெட்கப்படுவாள் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். சென்னைத் திருவல்லிக்கேணியில் இருக்கும் கோஷா ஆஸ்பத்திரி 1885இல் தொடங்கியது; அதன் பழைய முழுப்பெயர் சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான, அதாவது திரைக்குள் இருக்கும் பெண்களுக்குமான, விக்டோரியா மருத்துவமனை. உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் டாக்டர் முன் போகமாட்டார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே அது கட்டப்பட்டது. அதை உண்டாக்கிய மேரி ஷார்லீப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். என் முப்பது ஆண்டில் நான் பார்த்தவரை, பிரசவ மேஜையில் படுத்த எந்த மதத்துப் பெண்ணும் முதலில் கேட்டது ஒரு திரையை. என் தம்பி மகளுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் நடைபாதையிலேயே முக்காட்டை எடுக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு திரை கட்டியிருந்தால் அவள் மறு பேச்சில்லாமல் எடுத்திருப்பாள். முப்பது ரூபாய்த் துணி.

கட்டாயம் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அண்ணன் சொல்லிப் போட்டவள், நிச்சயதார்த்தத்துக்குப் பின் மாமியார் சொல்லி முகத்திரை சேர்த்தவள், தெருமுனை தாண்டியதும் மடித்துப் பையில் வைப்பவள் எல்லாரும் எனக்குத் தெரியும். புர்கா போடாத என் மகளை ஒரு மய்யித்து (சாவு) வீட்டில் ஒருவர் அதட்டினார். நான் திருப்பி அதட்டினேன். உங்கள் தோழி எந்த வகை என்று துணியைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. அவள் படிப்பை யார் தீர்மானித்தார்கள், கல்யாணப் பேச்சில் அவளைக் கேட்டார்களா, அவள் சம்பளம் வாங்கினால் யார் கணக்கில் போகும் என்பவற்றைப் பழகப் பழகத் தெரிந்துகொள்வீர்கள்.

சரி, பாட்டி. ஒன்று நேர்ந்தால் தாராளமாகப் போங்கள், ஆனால் உடனே போங்கள். எங்களிடம் அடக்கம் தாமதிப்பதில்லை. காலையில் மவுத்தானால் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, பெண்கள் இருக்கும் பக்கம் போய் உட்காருங்கள். மாலை வாங்க வேண்டாம். முகம் பார்க்க விரும்பினால் கேளுங்கள், காட்டுவார்கள். குளிப்பாட்டும் அறைக்குள் நான்கைந்து பெண்கள் மட்டும் இருப்போம். அங்கும் உடம்பின் மேல் ஒரு துணி கிடக்கும். துணிக்கு அடியில் கையுறை போட்டுக் கழுவுவோம். இலந்தை இலை போட்ட தண்ணீர், கடைசி முறைக்குக் கற்பூரம். நகச்சாயம் இருந்தால் முதலில் அதைத் துடைத்தெடுப்போம். பெண்ணின் தலைமுடியை மூன்று பின்னலாகப் பின்னுவோம். ஆணுக்கு உடலைச் சுற்றும் கஃபன் துணி மூன்று, பெண்ணுக்கு ஐந்து. அதில் ஒன்று முக்காடு. பிறகு சந்தூக்கு என்னும் பெட்டியில் வைத்து ஆண்கள் அடக்கத்தலமான மையவாடிக்குக் கொண்டுபோவார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிடுவோம். அந்த நேரத்தில் உள்ளே அழுதுகொண்டிருக்கும் பேத்திக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொடுக்கும். நீங்கள் சைவம் என்றால் சாம்பார் சாதமே கொண்டுபோங்கள், சாப்பிடுவார்கள்.

பாட்டிக்கு நினைவு இருக்கும்போதே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பற்றிக் கேளுங்கள். துப்பட்டி பெரும்பாலும் ஏதாவது ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் இன்னும் இருக்கும். என் நன்னி தன்னுடையதை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். சந்தூக்கின் மேல் அதைப் போர்த்தித்தான் கொண்டுபோனார்கள். மாலையில் தம்பி அதை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். துவைத்துக் கொடியில் போட்டேன்.